மனசுக்கு வைத்தியம்... இன்ஷூரன்ஸ் கை கொடுக்குமா?

வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொன்னால், அடுத்த நிமிடமே வீட்டில் என்ன பேச்சு வரும்? ''அந்த இன்ஷூரன்ஸ் பேப்பரை எடு. எவ்வளவு வரும்னு பார்ப்போம்!'' மூட்டு தேய்ந்தாலும் இதே பேச்சுதான், கண்ணில் புரை விழுந்தாலும் இதே பேச்சுதான்.

ஆனால், அதே வீட்டில் ஒருவர் மூன்று மாதமாகத் தூங்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் நெஞ்சு படபடக்கிறது. ''எதுக்கு உயிரோட இருக்கணும்?'' என்ற கேள்வி அடிக்கடி வந்து போகிறது. அப்போது மட்டும் யாருக்கும் அந்த பேப்பர் ஞாபகத்துக்கு வருவதில்லை! ''மனசு சரியில்லாததுக்கெல்லாம் யாரு இன்ஷூரன்ஸ் கொடுப்பான்?'' என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம்.

அப்படியே தைரியமாக ஒரு சைக்யாட்ரிஸ்ட்டைப் பார்த்து, அவர் சொன்னபடி கவுன்சலிங்கும் ஆரம்பித்தாலும், பல வீடுகளில் அது மூன்றாவது வாரத்தோடு நின்று போகிறது. வியாதி குணமாகி அல்ல... கை இறுக்கத்தால்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு முறை உட்கார்ந்து பேச 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாரம் ஒரு முறை, 12 வாரம் போனால் 12,000 ரூபாய். போக்குவரத்து, மருந்துச் செலவு தனி. மாதச் சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்கு இது லேசான தொகை இல்லை. பாதியில் நிறுத்தினால் செலவழித்த பணமும் வீண், நோயும் திரும்பி வரும்.

எனவே இந்தக் கேள்வியை நேராகவே கேட்டுவிடலாம். மனநலச் சிகிச்சைக்கு இன்ஷூரன்ஸ் பணம் தருமா? தரும். ஆனால், எல்லாவற்றுக்கும் தராது. எதற்குத் தரும், எதற்குத் தராது, தராத இடத்தில் என்ன செய்வது என்று தெரிந்துகொண்டால், சிகிச்சை பாதியில் நிற்காது.

சட்டம் உங்கள் பக்கம்!

முன்பெல்லாம் மெடிக்ளெய்ம் பாலிசிகளின் 'இவற்றுக்குப் பணம் கிடையாது' என்ற பட்டியலில் மனநோயும் ஒரு வரியாக உட்கார்ந்திருக்கும். அந்த வரிக்கு முற்றுப்புள்ளி வைத்தது, 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். 2018-இல் நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டத்தின் 21-வது பிரிவு, 4-வது உட்பிரிவை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி பாலிசியோடு வைத்துக்கொள்ளுங்கள். உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் இன்ஷூரன்ஸ் தரப்படுகிறதோ, அதே அடிப்படையில் மனநோய்க்கும் ஒவ்வொரு நிறுவனமும் தந்தாக வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு மேலே உட்கார்ந்து கண்காணிக்கும் ஆணையம், ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அது 2018 ஆகஸ்ட்டில், 'இந்தச் சட்டப்படி நடந்துகொள்ளுங்கள்' என்று எல்லாக் கம்பெனிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. 2022 அக்டோபரில், மாதக் கடைசிக்குள் எல்லா பாலிசிகளும் இதற்கு ஏற்ப இருக்க வேண்டும் என்று மறுபடியும் அழுத்தமாகச் சொன்னது.

நடுவில் 2021 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு முக்கியமான தீர்ப்பு வந்தது. மனநோய்க்காக மருத்துவமனையில் இருந்து சிகிச்சை பெற்ற ஒரு பெண்ணுக்கு, 'பாலிசியில் மனநோய் விலக்கப்பட்டிருக்கிறது' என்று சொல்லிப் பணம் மறுத்திருந்தார்கள். நீதிபதி பிரதிபா எம். சிங், சட்டம் வந்த பிறகு அந்த விலக்கு செல்லாது, பணத்தைக் கொடுங்கள் என்று உத்தரவிட்டார். ஆகவே, ''மென்டல் கேஸுக்கெல்லாம் கிடையாதுங்க'' என்று எந்த ஏஜென்ட்டாவது சொன்னால், ''21-வது பிரிவைப் படிச்சீங்களா சார்?'' என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்.

படுக்கைக்கு உண்டு... பேச்சுக்கு?

'அப்படியானால் கவுன்சலிங் ஃபீஸும் வந்துவிடுமே!' என்று அவசரப்பட வேண்டாம். இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

நம் ஊரில் விற்கும் பெரும்பாலான பாலிசிகள், மருத்துவமனையில் குறைந்தது 24 மணி நேரம் படுக்கையில் இருந்தால்தான் பணம் தரும். ஜுரத்துக்கு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தால் அந்த ஃபீஸைக் கம்பெனி தருவதில்லை அல்லவா? அதே போலத்தான் இதுவும். 'உடல் நோய்க்கு எப்படியோ அப்படி' என்பது இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி!

கடுமையான மனச்சோர்வு, பைபோலார், ஸ்கிசோஃப்ரீனியா போன்றவற்றுக்காக அட்மிட் ஆனால், ரூம் வாடகை, டாக்டர் ஃபீஸ், மருந்து, பரிசோதனை எல்லாம் பாலிசி விதிப்படி கிடைக்கும். ஆனால், பதற்றம், மிதமான மனச்சோர்வு, ஓ.சி.டி. போன்ற நிறையப் பிரச்னைகளுக்குப் படுக்கையே தேவைப்படாது. எதிரெதிரே இரண்டு நாற்காலி போட்டு, வாரம் முக்கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ முறைப்படி பேசும் 'சைக்கோதெரபி'தான் அங்கே மருந்து. அதற்குச் சாதாரண பாலிசி பணம் தராது.

இந்த இடத்தில் ஒரு சின்ன ஆறுதல். மருத்துவமனையில் சேருவதற்கு முந்தைய செலவு, வீடு திரும்பிய பிந்தைய செலவு என்று இரண்டு வரி உங்கள் பாலிசியில் இருக்கும். முன்னால் 30 நாள், பின்னால் 60 நாள் என்பது வழக்கமான கணக்கு. சில பாலிசிகளில் 60-ம் 90-ம்கூட உண்டு. மனநோய்க்காக அட்மிட் ஆகி வீடு திரும்பியவர், அதே நோய்க்காக அந்த நாட்களுக்குள் பார்க்கும் டாக்டர் ஃபீஸையும் மருந்துச் செலவையும் கேட்டு வாங்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரியில், 'தொடர்ந்து சைக்கோதெரபி தேவை' என்று டாக்டரை எழுதித் தரச் சொல்லுங்கள். தெரபி ஃபீஸைக் கேட்டு வாதாட அந்த ஒரு வரி பெரிய துணை.

உடனே, ''அப்போ ரெண்டு நாள் அட்மிட் ஆயிட்டா போச்சு!'' என்று குறுக்கு வழி யோசிக்காதீர்கள். தேவையில்லாத அட்மிஷன் என்று தெரிந்தால் க்ளெய்ம் நிராகரிக்கப்படும். அதைவிட முக்கியம், தேவையில்லாமல் ஒருவரை மனநல மருத்துவமனையில் படுக்க வைப்பது அவருக்குச் செய்யும் நன்மை அல்ல.

நாற்காலிக்கும் பணம் வரும் வழிகள்

படுக்கை இல்லாத சிகிச்சைக்கு இன்ஷூரன்ஸ் உதவும் வழி அறவே இல்லை என்று நினைக்க வேண்டாம். மூன்று கதவுகள் இருக்கின்றன.

முதல் கதவு, ஓ.பி.டி. வசதி. சில பாலிசிகளில் கூடுதல் பிரீமியம் கட்டினால், அட்மிட் ஆகாமல் டாக்டரைப் பார்க்கும் செலவுக்கும் வருடத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை தருவார்கள். வாங்கும் முன் மூன்றே கேள்வி கேளுங்கள். மனநல ஆலோசனை அதில் சேர்த்தியா? சைக்யாட்ரிஸ்ட்டுக்கு மட்டுமா, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுக்கும் உண்டா? அவர்கள் பட்டியலில் உள்ளவரிடம்தான் போக வேண்டுமா, நாம் விரும்பியவரிடம் போகலாமா? கூடுதல் பிரீமியம் 4,000 ரூபாய், கிடைக்கும் ஓ.பி.டி. தொகை 5,000 ரூபாய் என்றால், லாபம் என்ன என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது கதவு, ஆபீஸ். கணவரோ, மகளோ வேலை பார்க்கும் இடத்தில் குரூப் இன்ஷூரன்ஸ் இருந்தால், முதலில் அதை எடுத்துப் பாருங்கள். குரூப் பாலிசிகளில் பழைய நோய்க்கான காத்திருப்புக் காலம் பெரும்பாலும் இருக்காது. ஓ.பி.டி. வசதியும் சிலவற்றில் உண்டு. இதைத் தவிர, பெரிய கம்பெனிகள் பலவற்றில் 'எம்ப்ளாயி அசிஸ்டென்ஸ் புரோகிராம்' என்று ஒன்று இருக்கிறது. வெளியில் உள்ள ஆலோசகர்களிடம் ஊழியரும், பல இடங்களில் குடும்பத்தினரும், குறிப்பிட்ட சில தடவைகள் இலவசமாகப் பேசலாம். வேலையில் சேர்ந்த அன்றைக்குக் கொடுத்த காகிதக் கட்டில் இது ஒரு மூலையில் கிடக்கும். யாரும் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள்!

மூன்றாவது கதவு, நாம் அதிகம் மதிக்காத ஈ.எஸ்.ஐ. ''ஐயோ, அங்கே க்யூவில யார் நிக்கிறது?'' என்று முகம் சுளிக்காதீர்கள். மில், பனியன் கம்பெனி, செக்யூரிட்டி, கடை என்று பல இடங்களில் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்களே, அதுவும் ஒரு இன்ஷூரன்ஸ்தான். முதலாளி தன் பங்காக 3.25 சதவீதம் கட்டுகிறார். இதற்குள் வருவதற்கான மாதச் சம்பள வரம்பு 2017-இல் 21,000 ரூபாய் என்று உயர்த்தப்பட்டது. தனியார் பாலிசிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. ஈ.எஸ்.ஐ.யில் ஓ.பி. சிகிச்சையும் சேர்த்தி. படுக்கைக் கட்டாயம் இல்லை. பழைய நோய் என்று ஒதுக்குவதும் இல்லை. குடும்பத்தாருக்கும் உண்டு. டிஸ்பென்சரி டாக்டரிடம் சொன்னால், மனநலப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு எழுதித் தருவார்.

இன்னொன்றும் இருக்கிறது. நோயால் வேலைக்குப் போக முடியாவிட்டால் ஈ.எஸ்.ஐ.யில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். அதையும் தாண்டி, நீண்ட கால நோய்கள் என்று 34 நோய்களைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். 'சைக்கோசிஸ்' எனப்படும் தீவிர மனநோய்கள் அந்தப் பட்டியலில் உண்டு. இரண்டு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்து, 156 நாள் சந்தா கட்டியிருந்தால், சம்பளத்தில் 80 சதவீதம், அதிகபட்சம் இரண்டு வருடம் வரை பெற வழியிருக்கிறது. ஒரு மகன் திடீரென்று நோய்வாய்ப்பட்டு வேலைக்குப் போகாமல் வீட்டில் முடங்கும்போது, அந்தத் தாய்க்கு இந்தத் தகவல் தெரிந்திருந்தால் எவ்வளவு பாரம் குறையும்!

யாரிடம் போவது?

இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் தர வேண்டுமானால், நீங்கள் பார்க்கும் நபருக்குச் சட்டப்படியான தகுதி இருக்க வேண்டும். 'கவுன்சலர்' என்று போர்டு மாட்டிய எல்லோருக்கும் அது இருக்காது.

சைக்யாட்ரிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மனநல மருத்துவத்தில் எம்.டி., டி.பி.எம். அல்லது டி.என்.பி. படித்தவர். மருந்து எழுதித் தருபவர் இவர். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார். முறைப்படி சோதனைகளும் தெரபியும் செய்பவர். எம்.ஃபில். போன்ற சிறப்புப் பயிற்சி முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருப்பார். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நல்லவர்கள் தாங்களாகவே ரசீதில் போட்டுத் தருகிறார்கள்.

என்ன செய்யலாம்? பாலிசி கார்டில் உள்ள இலவச எண்ணுக்கு போன் போட்டு, உங்கள் ஊரில் கேஷ்லெஸ் வசதியுள்ள மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். மனநல மருத்துவமனையில் சேர்ப்பதாக இருந்தால், 2017 சட்டப்படி பதிவு பெற்ற இடமா என்று முன்னாலேயே விசாரித்துவிடுங்கள். முதலில் ஒரு சைக்யாட்ரிஸ்ட்டைப் பார்த்து, நோயின் பெயரையும், எத்தனை தடவை தெரபி தேவை என்பதையும் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு, பிறகு சைக்காலஜிஸ்ட்டிடம் போவது நல்லது. 'டாக்டர் எழுதித் தரவில்லையே' என்ற காரணத்துக்காகவே பணம் நின்றுவிடக்கூடும்.

முதல் சந்திப்பிலேயே, ''மொத்தம் எத்தனை தடவை வரணும் மேடம்? எவ்வளவு ஆகும்?'' என்று கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். தெரபி என்றால் ஆயுள் முழுக்க என்று அர்த்தமில்லை. 'காக்னிடிவ் பிஹேவியர் தெரபி' போன்ற முறைகள் பொதுவாகச் சில மாதங்களுக்குள் முடியக்கூடியவை. பணம் இடித்தால் அதையும் சொல்லுங்கள். இடைவெளியைக் கூட்டுவது, கட்டணத்தைக் குறைப்பது என்று வழி இருக்கும். சொல்லாமல் நின்றுவிடுவதுதான் தப்பு.

பாலிசி வாங்கும்போது மறைக்கலாமா?

''பத்து மாசம் தூக்க மாத்திரை சாப்பிட்டேன். அதைப் போய் ஃபாரத்துல எழுதணுமா?'' இது நிறையப் பேர் மனதில் உள்ள கேள்வி. ''எழுதாதீங்க, பிரச்னை ஆயிடும்'' என்று சில ஏஜென்ட்டுகளே சொல்லித் தருவார்கள். நம்பாதீர்கள்!

எழுதினால் என்ன ஆகும்? பிரீமியம் கொஞ்சம் கூடலாம். பழைய நோய்க்குக் காத்திருப்புக் காலம் போடலாம். 2024 ஏப்ரலில் இருந்து அந்தக் காத்திருப்பு 36 மாதத்துக்கு மேல் போகக் கூடாது. முன்பு இது 48 மாதமாக இருந்தது.

எழுதாமல் மறைத்தால்? நாளைக்கு ஒரு க்ளெய்ம் வரும்போது பழைய மருந்துச் சீட்டு கிளம்பும். மனநோய்க்கான க்ளெய்ம் மட்டுமல்ல, பாலிசியே ரத்தாகக்கூடும். பிறகு இதயத்துக்கும் கிடையாது, எலும்புக்கும் கிடையாது! ஐந்து வருடம் விடாமல் பிரீமியம் கட்டியிருந்தால், அதற்குப் பிறகு நிரூபிக்கப்பட்ட மோசடி தவிர வேறு காரணத்துக்காக 'மறைத்துவிட்டாய்' என்று கம்பெனி கிளற முடியாது என்பதும் 2024 முதல் விதி. முன்பு எட்டு வருடமாக இருந்தது. ஆனால், அந்த ஐந்து வருடம் வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருப்பதைவிட, உண்மையை எழுதிவிட்டு மூன்று வருடம் காத்திருப்பது நிம்மதி.

ஒரு கம்பெனி 'முடியாது' என்றால், அடுத்த கம்பெனியைக் கேளுங்கள். மனநோய் உள்ளவர்கள், மாற்றுத்திறனாளிகள், எச்.ஐ.வி. பாதித்தவர்கள் ஆகியோருக்கென்று ஒரு பாலிசி கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று 2023 பிப்ரவரியில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. கம்பெனிகளுக்கு உத்தரவிட்டிருக்கிறது. 'அந்த பாலிசி எது?' என்று பெயர் கேட்டே விசாரியுங்கள்.

பாலிசி கைக்கு வந்ததும் பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள். படித்துப் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் திருப்பித் தர 30 நாள் அவகாசம் உண்டு. இன்னொரு நல்ல சேதி, தனிநபர் மற்றும் குடும்ப ஹெல்த் பாலிசி பிரீமியத்துக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் எடுக்கப்பட்டுவிட்டது. மிச்சமான அந்தப் பணத்தில் ஓ.பி.டி. வசதியைச் சேர்க்க முடியுமா என்று யோசிக்கலாம்.

குடி வியாதிக்கு...

இது நம் வீடுகளில் பெண்கள் தலையில் விழும் பெரிய பாரம் என்பதால் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மது, போதை தொடர்பான மனநிலைக் கோளாறுகளையும் 2017 சட்டம் மனநோய் என்ற விளக்கத்துக்குள் சேர்த்திருக்கிறது. ஆனால், பாலிசிகளில் 'மது, போதை அடிமைத்தனத்துக்கான சிகிச்சை' என்று ஒரு விலக்கு இருக்கும். எல்லாக் கம்பெனிகளும் ஒரே வாசகத்தில் போடும் விலக்கு அது. குடியை நிறுத்தும் சிகிச்சைக்குத் தனியார் இன்ஷூரன்ஸை நம்பிக் கடன் வாங்கி அட்மிட் செய்துவிடாதீர்கள். முதலில் பாலிசியில் அந்த வரியைப் படியுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இந்தச் சிகிச்சை இலவசமாகவே கிடைக்கிறது.

ஆபீசுக்குத் தெரிஞ்சுடுமா?

பணத்தைவிட இந்தப் பயம்தான் பலரைத் தடுக்கிறது. ''குரூப் இன்ஷூரன்ஸ்ல க்ளெய்ம் பண்ணினா மேனேஜருக்குத் தெரிஞ்சு, அப்புறம் பிரமோஷன் போயிடும்'' என்ற பயம். கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீட்டிலும் இதே தயக்கம்தான்.

மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவரின் தகவல்களை ரகசியமாக வைத்திருப்பது அவருடைய உரிமை என்று அதே 2017 சட்டத்தின் 23-வது பிரிவு சொல்கிறது. டாக்டரோ, மருத்துவமனையோ உங்கள் ஆபீசுக்கோ, உறவினருக்கோ இஷ்டம் போல் சொல்ல முடியாது. க்ளெய்ம் செய்யும்போது நோயின் பெயர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும், நடுவில் இருந்து வேலை பார்க்கும் டி.பி.ஏ.வுக்கும் போகத்தான் செய்யும். அதைத் தவிர்க்க முடியாது. ஆனால், ஆபீஸ் எச்.ஆர். வழியாகப் பேப்பரைக் கொடுக்காமல், டி.பி.ஏ.வின் ஆப் மூலமாகவோ, இ-மெயிலிலோ நேரடியாக அனுப்பலாம். தெரபியில் நீங்கள் பேசிய விஷயங்களை யாருக்கும் தர வேண்டியதில்லை. நோயின் பெயர், தேதி, கட்டணம், இவை போதும். கம்பெனி அதற்கு மேல் கேட்டால், ஏன் என்று எழுத்தில் கேளுங்கள்.

பணம் மறுத்துவிட்டால்?

அட்மிட் ஆகும்போது கேஷ்லெஸ் அனுமதி கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜ் பில்லுக்கு மூன்று மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று 2024 மே மாதம் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதி போட்டிருக்கிறது. க்ளெய்மை முழுதாக மறுப்பதானால், கம்பெனிக்குள் இருக்கும் பரிசீலனைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். பாலிசியின் எந்த விதிப்படி மறுக்கிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எனவே, போனில் 'இல்லை' என்றால் விட்டுவிடாதீர்கள். படிப்படியாகப் போங்கள்.

முதல் படி: காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். 'மனநோய் என்பதால்' என்ற தொனியில் இருந்தால், 21-வது பிரிவின் 4-வது உட்பிரிவைக் குறிப்பிட்டு, கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரிக்குக் கடிதம் எழுதுங்கள்.

இரண்டாவது படி: பதில் திருப்தி இல்லையா? 155255 என்ற எண்ணிலோ, 'பீமா பரோசா' என்ற இணையதளத்திலோ ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யிடம் புகாரைப் பதியுங்கள்.

மூன்றாவது படி: இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கம்பெனி மறுத்தாலோ, ஒரு மாதம் வரை பதிலே தராவிட்டாலோ இவரிடம் போகலாம். மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு கொடுத்துவிட வேண்டும். 50 லட்சம் ரூபாய் வரையிலான தகராறுகளை விசாரிப்பார். கட்டணம் கிடையாது. வக்கீலும் வேண்டாம். வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும்!

இந்தப் படிகள் எல்லாவற்றுக்கும் ஆதாரம் ஒன்றே ஒன்றுதான். காகிதம்! டாக்டர் சீட்டு, தேதியும் பதிவு எண்ணும் உள்ள ரசீது, மருந்து பில், டிஸ்சார்ஜ் சம்மரி, இவற்றை ஒரு ஃபைலில் தேதி வாரியாக அடுக்கி வையுங்கள். நோயாளிக்கு அந்தத் தெம்பு இருக்காது. வீட்டில் ஒருவர் இதைப் பொறுப்பாக ஏற்றுக்கொள்வது, அவருக்குச் செய்யும் மிகப் பெரிய உதவி.

எந்த பாலிசியும் இல்லையென்றால்?

இன்ஷூரன்ஸ் இல்லை என்பதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. சென்னை கீழ்ப்பாக்கத்தில், 1794-இல் தொடங்கப்பட்ட அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. 'அங்கே போனால் பைத்தியம் என்பார்களே' என்ற பழைய பயத்தை விடுங்கள். தூக்கமின்மை, பதற்றம் என்று ஓ.பி.யில் காட்டிவிட்டு வீடு திரும்புகிறவர்களும் அங்கே வருகிறார்கள். மற்ற மாவட்டங்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ், குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் டாக்டர்கள் வருவார்கள். என்றைக்கு என்று அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் கேட்டால் சொல்வார்கள்.

கிளினிக்கல் சைக்காலஜி பயிற்சி நடக்கும் பெரிய மருத்துவமனைகளில், மூத்தவர்களின் மேற்பார்வையில் குறைந்த கட்டணத்தில் தெரபி கிடைக்கும். விசாரித்துப் பாருங்கள்.

ராத்திரி பன்னிரண்டு மணிக்கு யாரிடமாவது பேச வேண்டும் போல இருக்கிறதா? 'டெலி மானஸ்' எண் 14416. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. 24 மணி நேரமும், தமிழிலேயே, இலவசமாகப் பேசலாம். தேவைப்பட்டால் பக்கத்தில் உள்ள மருத்துவமனைக்கும் வழி சொல்வார்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் யாருக்காவது இருந்தால், பாலிசி, பணம் எதையும் பார்க்க வேண்டாம். அருகில் உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடனே அழைத்துப் போங்கள். கணக்கு வழக்கெல்லாம் பிறகு!

பாலிசியில் பார்க்க வேண்டிய ஐந்து இடங்கள்

1. காத்திருப்புக் காலம்: பழைய நோய்க்கு எத்தனை மாதம்? இன்னும் எத்தனை பாக்கி?

2. விலக்குகள்: மது, போதை பற்றிய வரி என்ன சொல்கிறது? மனநோய்க்குத் தனியாக ஏதாவது நிபந்தனை இருக்கிறதா?

3. உச்சவரம்பு: ஐந்து லட்சம் பாலிசியில் மனநோய்க்கு மட்டும் சின்னத் தொகை என்று எழுதியிருக்கிறதா? இருந்தால், ஏன் என்று எழுத்தில் கேளுங்கள்.

4. முன்-பின் செலவு: எத்தனை நாள்? தெரபி அதில் அடங்குமா?

5. ஓ.பி.டி.: உண்டா? இல்லையென்றால், அடுத்த ரின்யூவலில் சேர்க்க முடியுமா?

இந்த ஐந்துக்கும் பதிலை பாலிசியின் மேல் அட்டையிலேயே பென்சிலால் எழுதி வையுங்கள். வீட்டில் ஒருவருக்கு மனசு தளரும் நாளில், ''செலவைப் பத்தி நான் பார்த்துக்கறேன், நீ டாக்டர்கிட்ட பேசு'' என்று இன்னொருவர் தைரியமாகச் சொல்ல அது உதவும்.